முதலைக்கு இரை, மாணவனுக்குப் பிரம்பா?

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் சென்றிருக்கிறீர்களா? ஊரை எட்டுவதற்குச் சற்று முன்பாக, வடநெம்மேலியில், சென்னை முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேகர் முதலானோர் 1976-ஆம் ஆண்டில் தொடங்கிய பண்ணை இது. அங்குள்ள முதலைகளில் சில, பெயர் சொல்லி அழைத்தால் அழைத்தவரிடம் வரக் கற்றுக்கொண்டிருக்கின்றன. கேட்க வியப்பாக இருக்கிறதல்லவா? மந்தமான பிராணி என்று நாம் எண்ணும் முதலைக்கு இதைக் கற்றுக் கொடுத்த முறை மிக எளிது. பயிற்சியாளர் ஒரு பெயரைச் சொல்லுகிறார். உரிய முதலை அவர் பக்கம் திரும்பினாலே போதும், அந்தக் கணமே ஒரு துண்டு இரை விழுகிறது. அடுத்த முறை திரும்பினால் மட்டும் போதாது. ஓரடி நகர வேண்டும். அதற்கடுத்த முறை கரைக்கே வர வேண்டும். வராத முதலைக்கு அடியும் இல்லை, இரையும் இல்லை. முதலையை அடித்துப் பழக்க எவரும் முயலமாட்டார்; அடித்தால் அது நீருக்குள் மூழ்கிவிடும், இல்லையேல் திருப்பித் தாக்கும்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் செங்கற்பட்டு வருகிறது. குற்றம் செய்த சிறுவர்களைத் திருத்துவதற்கென்று 1887-இலேயே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்ட ஊர் இது. மனிதப் பிள்ளையின் நடத்தையை மாற்றும் முயற்சி நூற்றாண்டுக்கு மேலாக இங்கே நடந்து வருகிறது. அதே ஊரிலுள்ள அரசுச் சிறார் இல்லத்தில் 2022 டிசம்பர் 31 அன்று 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். தாக்கப்பட்டதால் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். இத்தகைய இல்லங்களின் செயல்பாட்டைச் சீர்படுத்த வழி கூறுமாறு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை 2023-இல் தமிழக அரசு அமைத்தது.

கடற்கரையில் முதலைக்குக் கிடைக்கும் பொறுமை, உள்நாட்டில் சிறுவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, நடத்தையைப் பற்றி எழுந்த புகழ்பெற்ற நூல் ஒன்றை இங்கே எடைபோடுவோம். அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் 1968-இல் வெளியிட்ட 'கற்பித்தலின் தொழில்நுட்பம்' என்பதே அந்நூல். நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் 'வலுவூட்டல்' என்னும் பெயரில் சொல்லித் தரப்படும் கருத்துகளில் பெரும்பாலானவை இவர் ஆராய்ச்சியிலிருந்து வந்தவை. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

வகுப்பறையில் ஒரு தந்தை

ஸ்கின்னர் (1904–1990) எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்தவர். 1953-இல் ஒருநாள், நான்காம் வகுப்பில் படித்த தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கப் பெற்றோர் என்ற முறையில் சென்றார். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர். சிலர் விரைவில் முடித்துவிட்டுச் சும்மா இருந்தனர், சிலர் திணறினர். தாம் போட்டது சரியா தவறா என்று உடனே அறிய ஒருவருக்கும் வழியில்லை. ஆய்வுக் கூடத்தில் ஒரு புறாவுக்குக் கிடைக்கும் வாய்ப்புக்கூட இப்பிள்ளைகளுக்கு இல்லையே என்று அவர் எண்ணினார். அந்த எண்ணத்தில் பிறந்த கட்டுரைகளே பின்னர் நூலாயின.

அவருடைய அடிப்படைக் கருத்து இது: ஒரு செயலைத் தொடர்ந்து வரும் விளைவு, அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைக் கூட்டுமானால், அவ்விளைவே வலுவூட்டி. இவ்விலக்கணத்தைக் கவனியுங்கள். கொடுப்பவர் எதைப் பரிசு என்று நினைக்கிறார் என்பது இதில் வரவில்லை. செயல் கூடிற்றா என்பதே கேள்வி. கூடவில்லையென்றால், தங்கப் பதக்கமேயானாலும் அது வலுவூட்டி ஆகாது.

இந்த அளவுகோலால் நம் பள்ளி ஆண்டு விழாவை அளந்து பாருங்கள். ஜூன் முதல் உழைத்த மாணவனுக்குப் பிப்ரவரியில் ஒரு டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம். எட்டு மாதங்களில் அவன் செய்த ஆயிரம் செயல்களில் எதற்கு இது பரிசு? முதல் இடம் பெற்ற ஒருவனுக்குக் கைதட்டல். முப்பதாம் இடத்திலிருந்து இருபதாம் இடத்துக்கு முன்னேறியவனுக்கு எதுவுமில்லை. முதலைப் பயிற்சியாளர் ஓரடி நகர்ந்ததற்கே இரை போட்டார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாமோ பிள்ளை கரைக்கு வந்து சேரும் வரை காத்திருந்து, வந்து சேர்ந்த ஒருவனுக்கு மட்டும் கொடுக்கிறோம்.

ஸ்கின்னர் ஒரு கணக்கும் போட்டார். முதல் நான்கு வகுப்புகளின் கணிதத் திறன் செம்மையாக அமைய வேண்டுமானால், ஏறத்தாழ 25,000 முறை விடைக்குரிய விளைவு பிள்ளைக்கு உரிய தருணத்தில் கிடைக்க வேண்டும். ஆசிரியர் ஒருவரால் சில ஆயிரம் முறையே தர இயலும் என்றார். நம் வகுப்பறைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 40 நிமிடப் பாடவேளையில் 40 மாணவர் இருந்தால், ஒருவனுக்கு ஒரு நிமிடம். அரையாண்டுத் தேர்வு விடைத்தாளோ பல நாள் கழித்து வருகிறது. அதற்குள் தான் எழுதியதையே மாணவன் மறந்துவிடுகிறான். இக்குறையைச் சுட்டிக் காட்டிய அளவில் நூலின் வாதம் இன்றைக்கும் அசையவில்லை.

பிரம்பு யாரைப் பழக்குகிறது?

தண்டனை பற்றிய பகுதியே நூலில் வலிமை மிக்கது. 'அடியாத மாடு படியாது' என்பது நம் பழமொழி. ஆய்வுக் கூடம் இதை ஏற்கவில்லை. பூனைகளை வைத்து ஆராய்ந்து 1898-இல் 'விளைவு விதி'யை வகுக்கத் தொடங்கிய தார்ன்டைக், இன்பமான விளைவு செயலை உறுதிப்படுத்தும், துன்பமான விளைவு அதை அழிக்கும் என்றே முதலில் கருதினார். பிற்காலத்தில், 1930-களில், விதியின் இரண்டாம் பாதியை அவரே கைவிட நேர்ந்தது. ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட சோதனையில், நெம்புகோலை அழுத்திய எலிகளின் பாதத்தில் தட்டு விழுந்தது. சிறிது நேரம் அழுத்துவது குறைந்தது. தட்டுவது நின்றதும் எலிகள் மறுபடி அழுத்தின. முடிவில் கணக்கெடுத்தால், தட்டு வாங்காத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ ஏறத்தாழ அத்தனை முறை இவையும் அழுத்தியிருந்தன. தண்டனை செயலை அடக்கி வைத்தது, அழிக்கவில்லை.

அப்படியானால் ஆசிரியர்கள் ஏன் அடிப்பதைக் கைவிடவில்லை? இங்கேதான் 'எதிர்மறை வலுவூட்டல்' என்னும் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தண்டனைக்கு இது மறுபெயர் என்று தேர்வுத் தாளில் எழுதுவோர் பலர், அது பிழை. துன்பம் ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுவதே எதிர்மறை வலுவூட்டல். தலைவலி மாத்திரையை நாம் மீண்டும் தேடுவது இதனால்தான்.

வகுப்பில் கூச்சல். ஆசிரியர் பிரம்பை மேசைமேல் ஓங்கித் தட்டுகிறார். அல்லது ஒருவனை அடிக்கிறார். மறு கணமே அமைதி. யாருடைய செயலுக்கு உடனடி விளைவு கிடைத்தது? ஆசிரியரின் செயலுக்கு. கூச்சல் என்னும் துன்பம் நீங்கியதால் அவர் பிரம்பெடுப்பது வலுப்பெறுகிறது. நாளை இன்னும் விரைவில் எடுப்பார். மாணவனும் ஒன்றைக் கற்கிறான். பள்ளிக்கு மட்டம் போட்டால் அடி இல்லை. பொய் சொன்னால் அடி இல்லை. எனவே மட்டம் போடுவதும் பொய்யும் வலுப்பெறுகின்றன. சிறார் இல்லத்தில் இதே விதி இன்னும் கொடுமையாக வேலை செய்கிறது. அங்கே வெளிச்சாட்சி குறைவு. மட்டம் போட்டு ஓட வீடும் இல்லை. அடிப்பவர் கையை நிறுத்த எதுவும் குறுக்கே வருவதில்லை. சினம் கொண்ட ஒரு மனிதரின் தனிக் குற்றம் என்று இத்தகைய சாவுகளைச் சொல்லி முடித்துவிட முடியாது என்பதை விளங்கிக்கொள்ள, ஸ்கின்னரின் அறிவியல் உதவுகிறது. பணியாளரின் ஒவ்வோர் அடிக்கும் அமைதி என்னும் கூலியை உடனுக்குடன் கொடுக்கும் ஓர் ஏற்பாடு, அடியைத்தான் வளர்க்கும்.

சட்டம் இதை எப்போதோ தடுத்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, 82-ஆம் பிரிவில், சிறார் இல்லப் பணியாளர் உடல் தண்டனை தருவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் வழக்கும் அபராதமும் ஆண்டுகள் கழித்து, வந்தால் வரும். அமைதியோ அந்த நொடியே வருகிறது. எது நடத்தையை ஆளும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அடியில்லாத சொல்லும் சில வேளை எதிர்விளைவைத் தரும். 1968-இல் அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் மேட்சன், பெக்கர் முதலியோர் செய்த ஆய்வில், ஆசிரியர்கள் 'உட்கார்' என்று அடிக்கடி சொன்ன நாட்களில், எழுந்து நின்ற பிள்ளைகள் அதிகமாயினர். உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பாராட்டியபோது நிற்பது குறைந்தது. கவனிக்கப்படாத பிள்ளைக்கு வசவுகூட ஒரு கவனிப்புத்தான்!

பரிசும் பொறியாகும்

இதுவரை ஸ்கின்னர் பக்கம் நின்றோம். இனி அவர் நூலின் குறைகளைப் பார்ப்போம்.

முதற் குறை, கற்கும் உயிரின் இயல்பை அவர் குறைவாக மதித்தது. இதைக் காட்டியவர்கள் அவருடைய மாணவர்களான கெல்லர் பிரேலண்டு, மரியன் பிரேலண்டு தம்பதியரே. காட்சிகளுக்காக விலங்குகளைப் பழக்கும் தொழிலில் இருந்த இவர்கள் 1961-இல் ஒரு கட்டுரை எழுதினர். மர நாணயங்களை எடுத்து வந்து உண்டியலில் போடப் பன்றிகளைப் பழக்கினார்கள். போட்டால் தீனி. சில வாரம் நன்றாகவே போட்டன. பிறகு நாணயத்தை வழியிலேயே போட்டு, மூக்கால் மண்ணைக் கிளறுவதுபோல் உருட்டத் தொடங்கின. தீனி தாமதமாயிற்று, ஆயினும் விடவில்லை. பன்றிக்குப் பன்றியின் இயல்பு உண்டு. பிள்ளைக்கும் பிள்ளையின் இயல்பு உண்டு. கேள்வி கேட்பது, கழற்றிப் பார்ப்பது, கூடி விளையாடுவது ஆகியவற்றைக் குற்றமென்று ஒதுக்கி, அசையாமல் உட்காருவதற்குப் பரிசு கொடுத்தால், இயல்பே ஒருநாள் வெல்லும்.

இரண்டாம் குறை இன்னும் நுட்பமானது. விரும்பிச் செய்யும் ஒன்றுக்குப் பரிசு அறிவித்தால் என்ன ஆகும்? 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நட்சத்திரமும் நாடாவும் பொருத்திய சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு பிரிவினருக்குச் சொல்லாமல் பின்னர் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தாமாகவே வரைகிறார்கள் என்று மறைவாகக் கவனித்தனர். பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள், மற்ற இரு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியே வரைந்தனர். விளையாட்டாக இருந்தது அவர்களுக்கு வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு இக்கேடு நேரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பரிசும் தீது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஆர்வம் இன்னும் முளைக்காத இடத்தில் சிறு பரிசு முதல் தள்ளு கொடுக்கலாம். ஆர்வம் முளைத்த இடத்தில் பேரம் பேசினால் அது பட்டுப் போகும். கதைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிக்கும் சிறுமிக்கு, 'பக்கத்துக்கு ஒரு ரூபாய்' என்று சொல்லிப் பார்க்காதீர்கள்!

பசி ஒரு கருவியாகலாமா?

மூன்றாம் குறையே பெரியது. ஆய்வுக் கூடத்தில் இரை ஏன் வலுவூட்டியாகிறது? புறா பசியாக இருப்பதால். சோதனைப் புறாக்களைப் பட்டினி போட்டு, அவற்றின் இயல்பான எடையில் 80 விழுக்காட்டில் வைத்திருப்பது ஸ்கின்னர் வழியினரின் வழக்கம். அதாவது, வலுவூட்டியின் ஆற்றல், முன்னதாக எதை மறுத்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொடுக்கும் கையைப் புகழும் நூல், மறுக்கும் கையைப் பற்றி அதிகம் பேசவில்லை.

விடுதியிலும் சிறார் இல்லத்திலும் இது உயிர்க் கேள்வி. உணவு, உறக்கம், விளையாட்டு, தாயைப் பார்க்கும் நேரம் எல்லாமே அதிகாரியின் கையில் இருக்கும் இடத்தில், 'நன்னடத்தைக்குப் பரிசு' என்று அவற்றை வைத்தால், நேற்றுவரை உரிமையாக இருந்தது இன்று கூலியாகிறது. அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் 1960-களில் 'வில்லை முறை' பரவியது. வேலை செய்தால் வில்லை. வில்லை கொடுத்தால் வசதி. சில இடங்களில் நல்ல சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும்கூட வில்லை கேட்டார்கள். அலபாமா மாநில மருத்துவமனைகள் பற்றிய வயாட் வழக்கில், 1972-இல், ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அடிப்படைத் தேவைகளை நோயாளிகளின் உரிமை என்று வரையறுத்தது. அதன்பின் அவற்றைச் சம்பாதிக்கும் பொருளாக வைக்க இயலாமற் போயிற்று.

தமிழ்நாடு இதை வேறொரு வழியில் முன்பே கண்டுகொண்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று பள்ளியில் சோறு போட்டோம். சோறு பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தது உண்மை. ஆனால் சரியாக விடை சொன்னவனுக்கு மட்டும் முட்டை என்று எவரும் வைக்கவில்லை. வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் ஒரே தட்டு. இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

நம் இளஞ்சிறார் நீதி விதிகளிலும் தொடர்ந்த உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் பரிசளிக்க இடம் வைத்திருக்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் 'நன்னடத்தை' என்றால் என்ன? காவலரை எதிர்த்துப் பேசாதது நன்னடத்தையா, எழுதப் படிக்கக் கற்றது நன்னடத்தையா, தன்னைவிடச் சிறியவனை அடியிலிருந்து காத்தது நன்னடத்தையா? எந்தச் செயல் வளர வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வியை அறிவியல் தீர்த்துத் தராது. அடங்கியிருப்பதற்கே பரிசு என்றால், மௌனத்தைத்தான் வளர்ப்போம். மௌனமான இல்லத்தில் நடப்பது வெளியே தெரியாது.

கல் சொல்லும் விடை

அப்படியானால் செய்யத் தக்கது என்ன? மாமல்லபுரத்துக்கே மறுபடி செல்வோம். சாலையோரச் சிற்பப் பட்டறையில் உளி பிடிக்கும் இளைஞனைப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் கல்லே விடை சொல்லுகிறது. சில்லு வேண்டிய அளவில் தெறித்ததா, விளிம்பு உடைந்ததா என்று அறிய அவன் எவரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு நாளில் இத்தகைய விடைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஸ்கின்னர் ஏங்கிய 25,000 இங்கே பெரிய எண்ணிக்கையே அன்று! செயலுக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த பரிசு இதில் இல்லை. செயலின் விளைவே வலுவூட்டியாகிறது.

பள்ளியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஆந்திரத்து ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08 அளவில் தமிழகம் முழுவதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. பிள்ளை ஓர் அட்டையை முடித்துவிட்டு, 'கற்றல் ஏணி'யில் தன் இடத்தைத் தானே பார்த்து, அடுத்ததை எடுத்தது. சிறு படிகள், உடனடி விளைவு, தன் வேகம் என்னும் ஸ்கின்னரின் மூன்று நல்ல கருத்துகளும் இதில் இருந்தன. டிபன் பாக்ஸும் பிரம்பும் தேவைப்படவில்லை. அட்டைகளின் இடத்தில் இன்று வேறு திட்டங்கள் வந்துவிட்டன. இருந்தாலும், பிள்ளை தன் முன்னேற்றத்தைத் தானே காண வேண்டும் என்ற கொள்கையை எத்திட்டத்திலும் காப்பாற்றலாம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மாணவராயின் வகுப்பிலும், பெற்றோராயின் வீட்டிலும், ஒரு வாரம் ஒரு நோட்டில் இரண்டு எண்ணிக்கைகளை மட்டும் குறித்து வாருங்கள். பிள்ளை நல்லது செய்தபோது பெரியவர்கள் அதைக் கவனித்துச் சொன்னது எத்தனை முறை? தவறு செய்தபோது கவனித்துச் சொன்னது எத்தனை முறை? கணக்கைப் பார்த்தபின், உங்கள் வீட்டில் எந்த நடத்தைக்குத் தண்ணீர் ஊற்றப்படுகிறது என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஸ்கின்னரின் நூலைப் பற்றி என் முடிவு இது. தண்டனை பயனற்றது என்று காட்டிய பக்கங்களை ஒவ்வோர் ஆசிரியரும், ஒவ்வொரு சிறார் இல்லப் பணியாளரும் படிக்க வேண்டும். பரிசால் எதையும் செய்யலாம் என்று நம்பிய பக்கங்களை ஐயத்தோடு படிக்க வேண்டும். முதலையிடம் நாம் பொறுமையாக இருப்பதற்கு அதன் பல் ஒரு காரணம். பிள்ளைக்கு அத்தகைய பல் கிடையாது. அதனால் அவனைக் காக்கும் பொறுப்பு, அவனைத் திருத்த முன்வரும் பெரியவர்களுடையது.